பெருங்குடலில் இருந்த புற்றுநோய் கல்லீரலுக்கு எப்படிப் போனது? திசு எடுத்ததால் பரவியதா?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. சில மாதங்களாகவே நடந்தால் அவருக்கு மூச்சு வாங்கியது. வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம். நீரிழிவுக்காக இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வழக்கமாக எடுக்கும் ரத்தச் சோதனையில் ரத்தச்சோகை தெரியவந்து, அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்த்தபோது வலப்பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. அதிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. மூன்று வாரம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனில் கல்லீரலில் மூன்று புள்ளிகள் தெரிகின்றன. அவற்றில் பெரியது 2 சென்டிமீட்டர்.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. திசு எடுப்பதற்கான ஒப்புதல் படிவத்தை நான்தான் வரிவரியாகத் தமிழில் சொல்லி, பயப்பட ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுங்கள் என்றேன். இப்போது ஊரிலிருந்து பெரியப்பா தொலைபேசியில், "கத்தி படாமல் இருந்திருந்தால் அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடந்திருக்கும், கிள்ளப் போய்த்தான் கல்லீரலுக்கு ஓடிவிட்டது" என்கிறார். அப்பா பதில் ஏதும் சொல்வதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசுவது குறைந்துவிட்டது.

மருத்துவரிடம் கேட்கலாம்தான்; அடுத்த சந்திப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை எனக்கு உறக்கம் வராது என்பதால் இங்கே கேட்கிறேன். ஓர் உயிரணு, காலும் இல்லாமல் கையும் இல்லாமல், குடலை விட்டு எப்படி நகர்ந்து போகிறது? அத்தனை உறுப்புகள் இருக்க ஏன் கல்லீரலுக்குப் போனது? இப்போது அப்பாவுக்கு இருப்பது ஒரு புற்றுநோயா, இரண்டா? பெரியப்பா சொல்வது உண்மையாக இருக்க முடியுமா?


கெண்ட்ரிட்ஜ்_ஆய்வர்:

வணக்கம். உயிரணுக்கள் நகரும் விதத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது என் அன்றாட வேலை. நான் மருத்துவன் இல்லை. ஆகவே உங்கள் தந்தையின் சிகிச்சையைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குக் கணக்கு ஒன்றே விடை சொல்லிவிடும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓர் உயிரணு இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஒரு கன சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி உயிரணுக்கள் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஒற்றை உயிரணுவிலிருந்து அந்த எண்ணிக்கையை எட்ட முப்பது முறை இரட்டிக்க வேண்டும். மனித உடலில் உள்ள கட்டி ஒன்று ஒருமுறை இரட்டிக்கப் பெரும்பாலும் பல வாரங்களோ மாதங்களோ ஆகும். பெரியப்பாவின் வாதத்துக்கு விட்டுக்கொடுத்து, நடக்கவே நடக்காத வேகத்தில், நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும், அதில் ஒன்றுகூடச் சாகவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். திசு எடுத்த அன்று ஓர் உயிரணு தப்பித்துக் கல்லீரலுக்குப் போயிருந்தால், 21 நாளில் அது ஏறத்தாழ 21 லட்சம் உயிரணுக்களாகும். அந்த 21 லட்சமும் சேர்ந்தால் ஒரு கடுகளவுதான் வரும். உங்கள் தந்தையின் கல்லீரலில் இருப்பதோ 2 சென்டிமீட்டர். அது அங்கே போய் அமர்ந்தது நீங்கள் அந்தப் படிவத்தைக் கண்ணால் காண்பதற்கும் வெகு முன்பு. பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் முன்பு.

இனி, அது எப்படிப் போனது என்பது. குடலின் உட்சுவரில் உயிரணுக்கள் செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. ஈ-கெடெரின் என்ற புரதம் அவற்றைப் பக்கத்து உயிரணுவோடு தைத்து வைத்திருக்கிறது. அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் அவற்றைத் தாங்குகிறது. இந்த இடத்தை விட்டுப் பிரிந்த நல்ல உயிரணு தானாகவே இறந்துவிடும். உடலின் ஒழுங்கு அப்படி. புற்று உயிரணு முதலில் அந்தத் தையலைத் தளர்த்துகிறது, பிறகு இடம்பெயர்ந்தும் இறக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. இது புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று நினைக்க வேண்டாம். தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது உயிரணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தையலை அவிழ்த்துக்கொண்டு இடம்பெயர்ந்துதான் முகமும் நரம்புகளும் அமைகின்றன. விரலில் வெட்டுக் காயம் பட்டால் தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்துதான் அதை மூடுகின்றன. நம் எல்லாருக்குள்ளும் மடித்து வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பழைய திறனைப் புற்று உயிரணு வேளை கெட்ட வேளையில் எடுத்து விரிக்கிறது. இந்த மாற்றத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெஞ்சு உயிரியலாளர் ழான் பால் தியெரி, சிங்கப்பூரிலும் அந்த ஆய்வை நடத்தியவர்.

காலில்லாமல் எப்படி நகர்கிறது என்று கேட்டீர்கள். அட்டை ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தை நீட்டிப் பற்றிக்கொள்ளும், பிறகு பின்பக்கத்தை விடுவித்து இழுத்துக்கொள்ளும். உயிரணுவும் அப்படித்தான் செய்கிறது. அதன் உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகள் முன்னோக்கி வளர்ந்து சவ்வைத் தள்ள, முன்பக்கம் ஒரு மெல்லிய விளிம்பாக விரிகிறது. இன்டெக்ரின் என்ற புரதங்கள் கொக்கிபோல் வெளியிலுள்ள நார்களைப் பற்றுகின்றன. பின்னால் மயோசின் என்ற புரதம், நம் தசையைச் சுருக்குகிற அதே வகைப் புரதம், சுருங்கி வாலை இழுத்துக்கொள்கிறது. நுண்ணோக்கிப் படத்தை வேகப்படுத்தி ஓட்டினால்தான் இந்த ஊர்தல் கண்ணுக்குத் தெரியும். ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்கவே அதற்குச் சில மணி நேரம் ஆகலாம்.

வழியில் கொலாஜன் நார்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. சில உயிரணுக்கள் அவற்றைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து பாதை வெட்டுகின்றன. இந்த நொதியை 1962இல் முதன்முதலாகக் கண்டது தலைப்பிரட்டையின் வாலில். அது தவளையாகும்போது வாலைக் கரைத்து உள்வாங்கும் வேலையை அந்த நொதி செய்கிறது. வேறு சில உயிரணுக்கள் எதையும் கரைக்காமல் உருவத்தை நெளித்து, தைப்பூசக் கூட்டத்தில் மெலிந்த ஒருவர் நுழைந்து போவதுபோல், இடுக்குகளில் புகுந்து போகின்றன. அப்போது இடிப்பது உட்கரு. உயிரணுவின் மற்ற பகுதி கூழ்போல் வளையும், உட்கரு மட்டும் கெட்டியானது. இடுக்கு மிகச் சிறிதானால் அது கிழிந்து, உள்ளே இருக்கும் டிஎன்ஏவும் சேதமாகும். அந்தச் சேதம் சில வேளைகளில் புற்று உயிரணுவை மேலும் முரடாக்கிவிடும் என்பது இத்துறையில் எனக்கு மிகுந்த கவலை தரும் செய்தி.

கடைசியில் ஒரு ரத்தக் குழாயின் சுவரை நெருக்கிக்கொண்டு உள்ளே விழுகிறது. அங்கிருந்து அது நடப்பதில்லை. வெள்ளத்தில் விழுந்த துரும்பு. ரத்த ஓட்டத்தின் இழுவிசை அதைச் சிதைக்கப் பார்க்கும், நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கொல்லப் பார்க்கும். ரத்தத் தட்டணுக்கள் மேலே ஒட்டிக்கொண்டு கவசமாகிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். 1970இல் புற்றுநோய் ஆய்வாளர் ஐசையா ஃபிட்லர், கதிரியக்க அடையாளமிட்ட புற்று உயிரணுக்களை எலிகளின் ரத்தத்தில் செலுத்திப் பின்தொடர்ந்தபோது மிகப் பெரும்பான்மை ஒரே நாளில் மடிந்திருந்தது. தனியாகப் போவதைவிடச் சிலவாக ஒட்டிக்கொண்டு போகும் கொத்துகளுக்கு வேரூன்றும் ஆற்றல் பல மடங்கு அதிகம் என்பது 2014இல் வெளியான எலி ஆய்வில் தெரிந்தது. ரத்தத்தில் இப்படித் திரியும் உயிரணுக்களைக் கோடிக்கணக்கான ரத்த அணுக்களிலிருந்து பிரித்தெடுக்கும் நுண்குழாய்ச் சில்லுகளை, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லிம் சுவீ டெக் குழு உருவாக்கியது.

ஏன் கல்லீரல் என்றால், முதற்காரணம் பாதை. கை கால்களிலிருந்து திரும்பும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போகும். குடலிலிருந்து திரும்பும் ரத்தமோ, உண்ட உணவின் சத்தைக் கல்லீரலிடம் காட்டிவிட்டுப் போவதற்காக, போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்குள்ள நுண்குழாய்கள் மிகக் குறுகியவை, புற்று உயிரணு பெரும்பாலும் அவற்றைவிடப் பெரியது. ஆகவே அங்கேயே சிக்கிக்கொள்ளும். மேலும் கல்லீரல் நுண்குழாய்களின் சுவர் சல்லடைபோல் துளைகள் உடையது, வெளியேறுவது எளிது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் புற்றுநோய் கல்லீரலைத் தாண்டி நேரே நுரையீரலுக்குப் போக நேர்வதும் இதே காரணத்தால்தான்; அந்தக் கீழ்ப்பகுதியின் ரத்தம் போர்ட்டல் சிரையில் சேராமல் வேறு வழியாக இதயத்தை அடைகிறது.


முன்னாள்_செவிலி:

மகளே, நான் 31 ஆண்டுகள் செவிலியாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் புற்றுநோய்ப் பிரிவில். உங்கள் பெரியப்பா சொன்ன அந்த வாக்கியத்தை எத்தனை குடும்பங்களிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. அவர்மேல் கோபப்படாதீர்கள். ஸ்கேன் வசதியெல்லாம் இல்லாத காலத்தில், வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் மக்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தால் எங்கும் பரவியிருக்கும். ஒன்றும் செய்ய முடியாமல் மருத்துவர் மூடித் தைத்துவிடுவார். சில வாரங்களில் இறப்பு நேரும். வீட்டார் கண்ணில் பட்டது கத்தி ஒன்றுதான், அதனால் பழியும் கத்தியின் மேல் விழுந்தது. காற்றுப் பட்டுப் பரவியது என்பார்களே, அதுவும் அங்கிருந்து வந்ததே.

அந்தப் பயத்தில் துளியும் உண்மையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊசி போன பாதையில் உயிரணுக்கள் ஒட்டி வளர்வது அரிதாக நடப்பதுண்டு. மருத்துவர்களுக்கு அது நன்றாகவே தெரியும் என்பதால்தான் விரைக் கட்டி என்றால் ஊசி குத்திப் பார்ப்பதைத் தவிர்ப்பார்கள். கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோயைப் பல நேரங்களில் ஸ்கேன் படத்தைக் கொண்டே உறுதிசெய்வார்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேறு. குடலின் உட்புறத்திலிருந்து அரிசியைவிடச் சிறிய துணுக்குகள் கிள்ளப்பட்டன. அது இல்லாமல் எந்த வகைப் புற்றுநோய், எந்த மருந்து அதற்குப் படியும் என்று எவராலும் சொல்ல இயலாது.

ஒன்றா இரண்டா என்று கேட்டீர்கள். ஒன்றுதான். கல்லீரலில் இருப்பவை குடலிலிருந்து போன உயிரணுக்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் குடல் உயிரணுக்களின் சாயல் அவற்றில் இருக்கும். ஈசூனில் பிறந்தவர் ஜூரோங்கிற்குக் குடிபோனாலும் அவர் அவர்தானே. ஆகவே கல்லீரல் புற்றுநோய்க்கான மருந்தைக் கொடுக்க மாட்டார்கள், பெருங்குடல் புற்றுநோய்க்கான மருந்தைத்தான் கொடுப்பார்கள். உறவினர்களிடம் பேசும்போது கல்லீரல் புற்றுநோய் என்று சொல்லாதீர்கள். அவர்கள் இணையத்தில் அந்தப் பெயரைத் தேடிப் படித்து வேறு பயம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவியது என்றாலே எல்லாம் முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தப் புற்றுநோயில் கல்லீரல் புள்ளிகள் எண்ணிக்கையில் குறைவாகவும் வெட்டக்கூடிய இடத்திலும் இருந்தால், அறுவை செய்து எடுத்து, அதன்பின் நெடுநாள் வாழ்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கல்லீரல் வெட்டிய பின் வளரும் உறுப்பு. உங்கள் தந்தைக்கு அது பொருந்துமா என்பதைக் கல்லீரல் அறுவை மருத்துவர் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த சந்திப்பில் அந்தக் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

உடன்பிறந்தவர்கள் இருந்தால், தந்தைக்கு இந்நோய் வந்ததைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் சொல்லுங்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தரும் மலச் சோதனைப் பெட்டி, குடும்பத்தில் இந்நோய் இல்லாதவர்களுக்கானது; பெற்றோருக்கு நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே கேமராச் சோதனை தேவைப்படலாம். அப்பாவின் தட்டையும் தம்ளரையும் யாராவது தனியாக எடுத்து வைத்திருந்தால், தயவுசெய்து பழைய இடத்திலேயே திரும்ப வையுங்கள். ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குச் சாப்பாட்டால் ஒட்டும் நோயில்லை இது.


ஜூரோங்_மேற்கு:

இந்த உரையாடலை இரண்டு முறை படித்தேன். என் மனைவிக்கு 2009இல் மார்பகப் புற்றுநோய். அறுவை, கதிர்வீச்சு, ஐந்து ஆண்டு ஹார்மோன் மாத்திரை எல்லாம் முடிந்து, குணமாகிவிட்டது என்று கோவிலில் பொங்கல் வைத்தோம். 2021இல் முதுகு வலி. தசைப்பிடிப்பு என்று ஆறு மாதம் தைலம் தேய்த்தோம். பார்த்த பொது மருத்துவரும் அப்படியே நினைத்தார். பிறகு முதுகெலும்பில் அதே மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார், சமைக்கிறார், பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்.

ஆய்வரிடம் கேட்கிறேன். இரட்டிப்புக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டியை வெட்டி எடுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து முளைத்த அந்த உயிரணுக்கள், அவ்வளவு காலமும் எங்கே இருந்தன? ஏன் எலும்பு?


கெண்ட்ரிட்ஜ்_ஆய்வர்:

ஐயா, பெரும்பாலும் அவை எலும்பிலேயேதான் இருந்திருக்கும். அறுவைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். உறுப்பை அடைவது ஒன்று, அங்கே பிழைத்துப் பெருகுவது வேறொன்று. இரண்டாவதுதான் மிகக் கடினமானது. புதிய இடத்தில் இறங்கிய உயிரணுக்களில் பல இறந்துபோகும், சில பெருகாமலும் இறக்காமலும் உறங்கிக் கிடக்கும். பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை என்பதால், உறங்குபவை அந்த அடிக்குத் தப்பிவிடுகின்றன. அவ்வளவு சிறிதாக இருக்கும்போது எந்த ஸ்கேனும் அவற்றைக் காட்டாது. ஹார்மோனின் தூண்டுதலால் வளரும், அதாவது ஹார்மோன் ஏற்பி உடைய, மார்பகப் புற்றுநோயில் இப்படிப் பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் திரும்புவது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று. உறங்கியது எதனால் விழிக்கிறது என்பது இன்றும் முழுமையாக விடுபடாத கேள்வி. ஆய்வுக்கூடங்களில் இதற்காக இரவும் பகலும் உழைக்கிறார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

ஏன் எலும்பு என்பதற்கு, 1889இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் கேட்ட கேள்விக்குப் போக வேண்டும். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். ரத்தம்தான் விதைகளைக் கொண்டுபோகிறது என்றால், ரத்தம் நிறையப் பாயும் மண்ணீரலிலும் கட்டிகள் நிறைய இருக்க வேண்டுமே, அங்கு ஏன் இவ்வளவு குறைவு, கல்லீரலிலும் சில எலும்புகளிலும் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டார். விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட விடை. காக்கை எச்சத்திலிருந்து சுவர் இடுக்கில் ஆலங்கன்று முளைப்பதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பின்னர் 1928இல் அமெரிக்க நோயியல் அறிஞர் ஜேம்ஸ் யூயிங், ரத்த ஓட்டத்தின் பாதையே போதுமான விளக்கம் என்று வாதிட்டார். உங்கள் இருவர் வீட்டிலும் நடந்ததைப் பார்த்தால் இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது: ஈசூன்வாசியின் தந்தைக்குப் பாதை பெரும்பங்கு ஆற்றியது, உங்கள் துணைவியாருக்கு மண்.

அந்த மண் எப்படிப்பட்டது என்றால், எலும்பு உயிருள்ள உறுப்பு. ஒரு பக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் கட்டிக்கொண்டும் இருப்பது. அதற்குள் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் புதைந்து கிடக்கின்றன. புற்று உயிரணு எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடும். எலும்பு கரையும்போது புதைந்திருந்த புரதங்கள் வெளிவந்து புற்று உயிரணுவை வளர்க்கும். வளர்ந்தது மேலும் கரைக்கத் தூண்டும். உங்கள் துணைவியாருக்கு எலும்பைக் காக்கும் ஊசி ஏதேனும் போடுகிறார்கள் என்றால், டெனோசுமாப் அல்லது ஸோலெட்ரோனிக் அமிலம் என்ற பெயரில், அது இந்தச் சுழற்சியை உடைப்பதற்காகத்தான். தைலம் தேய்த்த ஆறு மாதத்தை எண்ணி வருந்தாதீர்கள். முதுகு வலிக்கும் நூறு பேரில் மிகப் பெரும்பாலோருக்கு அது தசைப்பிடிப்பு போன்ற சாதாரணக் காரணமாகவே இருக்கும்.


ஜூரோங்_மேற்கு:

ஆமாம், மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். எதற்கு என்று கேட்டபோது எலும்புக்கு நல்லது என்று மட்டும் சொன்னார்கள். இன்று மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். மிக்க நன்றி.


ஈசூன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு உணவுக்குப் பின் அப்பாவிடம் அந்தக் கடுகுக் கணக்கைச் சொன்னேன். அவர் தேக்காவில் மளிகைக் கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். நான் சொன்னதை உடனே ஏற்கவில்லை. பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று வரிசையாக எழுதத் தொடங்கினார். பதினைந்தாவது வரியில் 32,768 தானா என்று என்னைச் சரிபார்க்கச் சொன்னார். ஒன்றாம் நாளே இரண்டு என்று எண்ணித்தான் எழுதியிருந்தார். இருபத்தொன்றாவது வரியில் 20,97,152 என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு கடுகை எடுத்து வந்து அந்த எண்ணின் பக்கத்தில் வைத்தார். அதன் பிறகு 2 சென்டிமீட்டர் எவ்வளவு என்று அளவுகோலில் பார்த்தார்.

வெகு நேரம் கழித்து, "அப்போ நீ படிச்சுச் சொன்னது சரிதான்" என்றார். பெரியப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். செவிலி அம்மா, தட்டு, தம்ளர் எதுவும் நாங்கள் பிரித்து வைக்கவில்லை. தம்பிக்கு வயது 42; அவனுடைய மருத்துவரிடம் நாளை அழைத்துப் பேசுகிறோம். கல்லீரல் அறுவை பற்றிய கேள்வியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இந்த முறை அவரே மருத்துவரிடம் கேட்கப் போகிறாராம்.